குவேக்கர் கூட்டங்களில் பலவித நம்பிக்கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவேக்கர்கள் என்றதும் போர் மறுப்பும் அடிமை ஒழிப்பும் பலருக்கு நினைவுக்கு வரும். அவர்களுடைய வழிபாட்டுக் கூட்டத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் கடவுளைப் பற்றி நேர்முரணான கருத்துடையவர்களாக இருக்கக்கூடும் என்பது அவ்வளவாகத் தெரிந்த செய்தி அன்று. அது எப்படி இயலுகிறது, எந்த அளவுக்கு இயலுகிறது, எங்கே இயலாமற்போனது என்பவற்றையே இந்தப் பக்கம் பேசுகிறது. பிரிட்டனிலுள்ள மௌன வழிபாட்டுக் கூட்டங்களே இங்கு முதன்மை. மற்ற நாடுகளின் குவேக்கர்கள் தேவைப்படும் இடங்களில் வருவார்கள்.

குவேக்கர்கள் யார்?

உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து குலைந்து கிடந்த 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நெசவாளர் ஒருவரின் மகனான ஜார்ஜ் ஃபாக்ஸையும் (1624–1691) அவரோடு ஒத்த சிந்தனையுடைய பலரையும் சுற்றித் திரண்ட சமய இயக்கத்தின் வழிவந்தவர்கள் இவர்கள். தங்களை ‘நண்பர்கள்’ என்றே அழைத்துக்கொள்கிறார்கள்; ‘குவேக்கர்’ என்பது பிறர் கேலியாக வைத்து நிலைத்துவிட்ட பெயர். குருமார் இல்லாமலே எவரும் கடவுளை நேரடியாக அறியலாம், ஞானஸ்நானமும் திருவிருந்தும் அகத்தில் நிகழ வேண்டியவை, சத்தியப்பிரமாணம் செய்யலாகாது, ஆயுதம் ஏந்தலாகாது என்பவை அவர்களுடைய தொடக்க நிலைப்பாடுகள். அதற்காக ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். 1689-இல் சகிப்புச் சட்டம் வந்த பிறகே நிம்மதியாகக் கூட முடிந்தது.

‘குவேக்கர்’ ஓட்ஸ் பொட்டலத்தின் மீது சிரிக்கும் தொப்பிக்காரர் ஒரு வணிகச் சின்னம் மட்டுமே. அந்த நிறுவனம் இந்தச் சபையினுடையது அன்று. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் நன்கறிந்த ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்டும் வேறு அமைப்பே.

ஒரு வழிபாட்டுக் கூட்டத்தில் என்ன நடக்கிறது?

பீடமோ பிரசங்க மேடையோ இல்லாத அறையில் நாற்காலிகள் வட்டமாகவோ சதுரமாகவோ போடப்பட்டிருக்கும். நடுவிலுள்ள சிறு மேசையில் பூக்களும், ஒரு வேதாகமமும், பிரிட்டிஷ் நண்பர்களின் நம்பிக்கையையும் நடைமுறையையும் தொகுத்துச் சொல்லும், சிவப்பு அட்டைபோட்ட ஒழுங்கு நூலும் இருக்கும். முதலில் வருபவர் அமர்ந்து மௌனமாகும்போதே வழிபாடு தொடங்கிவிடுகிறது. மணி அடிப்பதில்லை, பாட்டு இல்லை, முன்கூட்டி எழுதிய ஜெபமும் இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் எல்லோரும் அப்படியே அமர்ந்திருப்பார்கள்.

உள்ளிருந்து உந்துதல் வந்ததாக உணரும் எவரும் எழுந்து பேசலாம். ஒருவர் எழுந்து, அண்மையில் இறந்த தம் தமக்கையை நினைத்து, “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்ற சங்கீதத்தின் வரியைச் சொல்லி இரண்டு நிமிடம் பேசி அமரலாம். சிறிது நேர மௌனத்துக்குப் பின் இன்னொருவர், கடவுள் என்ற சொல்லையே எடுக்காமல், மருத்துவமனையில் தம் கையைப் பிடித்துக்கொண்டிருந்த முகந்தெரியாத செவிலியரைப் பற்றிப் பேசலாம். முதலாமவர் சொன்னதை இரண்டாமவர் மறுக்கவும் மாட்டார், வழிமொழியவும் மாட்டார். ‘ஆமென்’ ஒலிக்காது. சில நாள்களில் ஒரு சொல்கூட எழாமலே அந்த ஒரு மணி நேரம் கழியும். இறுதியில், வழிபாட்டைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பிலுள்ள உறுப்பினர்களான மூப்பர் இருவர் கைகுலுக்குவார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் பக்கத்திலிருப்பவரோடு கைகுலுக்க, வழிபாடு முடிந்துவிடும். பிறகு அறிவிப்புகள், தேநீர்.

ஒரே மௌனத்துக்குள் ஒருவர் இயேசுவோடு உறவாட, அடுத்தவர் தம் மனசாட்சியை மட்டும் உற்றுக் கேட்டுக்கொண்டிருக்க இந்த அமைப்பே இடம் தந்துவிடுகிறது. எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டிய வாக்கியம் எதுவுமே இல்லாத வழிபாட்டில், அதைச் சொல்ல மனம் ஒப்பாதவர் என்று ஒருவர் தனித்துத் தெரிய வாய்ப்பில்லை.

அங்கு வருபவர்கள் உண்மையிலேயே எவ்வளவு வேறுபட்டவர்கள்?

இன்றைய பிரிட்டிஷ் கூட்டம் ஒன்றில் திரித்துவத்தை முழுமையாக ஏற்கும் கிறிஸ்தவர்கள் இருப்பார்கள். இயேசுவை மிக உயர்ந்த ஆசானாகப் போற்றி, ஆனால் தெய்வமாக ஏற்காதவர்கள் இருப்பார்கள். புத்தமதத் தியானத்தைத் தினமும் பழகுபவர்கள், யூதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், எல்லாச் சமயங்களும் ஒரே உண்மையை நோக்கியவை என்று கருதும் பொதுமை நோக்கினர், கடவுள் என்று தனியே ஒருவர் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள் என்று இந்த வரிசை நீளும். பொதுமை நோக்கினர் 1970-களின் இறுதியிலும், இறைநம்பிக்கை இல்லாத நண்பர்கள் 2011-இலும் அங்கே தங்களுக்கென்று அமைப்புகள் தொடங்கினார்கள். 2013-இல் பிரிட்டிஷ் குவேக்கர்களிடையே எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்றே பதிலளித்தார்.

கடவுள் உண்டு என்று சொன்ன பெரும்பான்மையினரும் ஒரே கடவுளைச் சொல்லவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஜெபத்தைக் கேட்டுப் பதிலளிக்கும் தந்தையை நினைத்து ஒருவரும், அன்பு என்னும் பண்பையே அப்பெயரால் குறித்து இன்னொருவரும் ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கலாம்.

விசுவாசப் பிரமாணம் ஏன் வைத்துக்கொள்ளவில்லை?

தமிழ்க் கிறிஸ்தவத் திருச்சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது மிகவும் வியப்பாக இருக்கும். ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணம் இல்லாமல் சபை எப்படிச் சபையாகும் என்று கேட்பார்கள். குவேக்கர்கள் அதைத் தவிர்த்தது சோம்பலாலோ சமரசத்தாலோ அன்று.

1652-இல் வடமேற்கு இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் ஆலயத்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் பேசியதை, அங்கிருந்து கேட்டவரும் பின்னர் முன்னணிக் குவேக்கரானவருமான மார்கரெட் ஃபெல் பிற்காலத்தில் எழுதிவைத்தார். கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர்கள் இப்படிச் சொன்னார்கள் என்கிறீர்கள். நீ என்ன சொல்கிறாய், நீ ஒளியின் பிள்ளையா, நீ சொல்வது கடவுளிடமிருந்து உன் உள்ளத்தில் வந்ததா என்று ஃபாக்ஸ் கேட்டார். அதைக் கேட்ட மார்கரெட், “நாம் எல்லோரும் திருடர்கள்; வேத வசனங்களை வார்த்தையாக எடுத்துக்கொண்டோம், நமக்குள் அவற்றை அறியவில்லை” என்று இருக்கையில் அமர்ந்து அழுததாகக் குறிப்பிடுகிறார். பிறர் வகுத்துத் தந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது, அது சரியான வாக்கியமாகவே இருந்தாலும், சொந்த அனுபவத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற அச்சம் அங்கிருந்தே தொடங்குகிறது. “உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி” என்ற யோவான் சுவிசேஷ வசனம் அவர்களுக்கு உயிர்நாடி. எந்த மனுஷனையும் என்றால் விலக்கே இல்லை என்று அவர்கள் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள்.

1656-இல் யார்க்‌ஷரின் பால்பி என்னும் ஊரில் கூடிய மூப்பர்கள் கூட்டங்களுக்கு அறிவுரைகள் எழுதி அனுப்பியபோது, இவற்றை உங்கள் மீது சட்டமாகச் சுமத்தவில்லை, தூய ஒளியின் அளவுப்படி நீங்கள் வழிநடத்தப்படவே எழுதுகிறோம் என்று பின்குறிப்பாகச் சேர்த்தார்கள். அந்த வரிகள் இன்றும் பிரிட்டிஷ் ஒழுங்கு நூலின் முகப்பில் இடம்பெறுகின்றன.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஃபாக்ஸும் ஃபெல்லும் ஐயத்துக்கிடமின்றிக் கிறிஸ்தவர்கள். அவர்கள் பேசிய ஒளி கிறிஸ்துவின் ஒளி. இன்றைய பன்மைக்கு அவர்கள் விதை போட்டார்கள் என்பது சரி. அதை அவர்கள் விரும்பியிருப்பார்கள் என்று சிலர் எழுதுவது வரலாற்றை வளைப்பதாகும்.

அப்படியானால் பிற சமயத்தவரை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள்?

அவர்களுடைய காலத்துக்கு வியப்பூட்டும் பரந்த நோக்கோடு பார்த்தார்கள். கிறிஸ்துவின் பெயரையே கேள்விப்படாதவருள்ளும் அந்த ஒளி வேலை செய்கிறது என்பதால், துருக்கியரிடையேயும் (அக்கால வழக்கில் முஸ்லிம்கள்) யூதரிடையேயும் புறச்சமயத்தாரிடையேயும் உண்மையான திருச்சபையின் உறுப்பினர்கள் இருக்கலாம் என்று ஸ்காட்லாந்துக் குவேக்கரான ராபர்ட் பார்க்ளே 1676-இல் இலத்தீனில் வெளியிட்ட இறையியல் நூலில் வாதிட்டார். பணிவும் இரக்கமும் நீதியும் உடைய ஆன்மாக்கள் எங்கிருந்தாலும் ஒரே மதத்தைச் சேர்ந்தவை, சாவு முகமூடியைக் கழற்றும்போது அவை ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் என்று 1693-இல், பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கரான வில்லியம் பென் எழுதினார். மேரி ஃபிஷர் என்ற குவேக்கர் பெண் 1658-இல் நெடுந்தொலைவு பயணம் செய்து உதுமானியச் சுல்தான் நான்காம் மெஹ்மதைச் சந்தித்துத் தம் செய்தியைச் சொல்லித் திரும்பினார். அவர் மரியாதையோடு நடத்தப்பட்டார் என்பதை, அதற்கு முன் பாஸ்டனில் கிறிஸ்தவர்களே அவரைச் சிறையிலிட்டு நாடுகடத்தினார்கள் என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சுருக்கமாக, குவேக்கர் எதை வேண்டுமானாலும் நம்பலாம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. தவறாகப் பரவியிருக்கும் கருத்துகளில் இதுவே முதலிடம் பெறுவது.

தனிமனிதரின் உள்ளுந்துதல் எல்லாமே ஒளியிலிருந்து வருவதில்லை என்பதை நண்பர்கள் தொடக்கத்திலேயே கசப்போடு கற்றுக்கொண்டார்கள். 1656-ஆம் ஆண்டு அக்டோபரில், அவர்களுடைய மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் நெய்லர், இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததைப் போல மழையில் பிரிஸ்டல் நகருக்குள் குதிரையேறி வர, உடன் வந்தவர்கள் “பரிசுத்தர், பரிசுத்தர்” என்று பாடினார்கள். நாடாளுமன்றமே கூடி விசாரித்தது. கசையடி கொடுத்து, நெற்றியில் சூடு போட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாக்கைத் துளைத்துச் சிறையில் அடைத்தார்கள். தண்டனை கொடுமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நண்பர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: ஒருவருக்குக் கிடைத்ததாகத் தோன்றும் வழிகாட்டுதலைக் கூட்டம் சேர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனைமுறை இன்றும் இருக்கிறது. எளிமை, உண்மை, சமத்துவம், சமாதானம் ஆகிய ‘சாட்சியங்கள்’ வாழ்க்கையில் காணப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்து உறுதிமொழி மட்டும் தருவது, “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்ற வேதவாக்கின் வழியில் அவர்கள் இன்றும் கடைப்பிடிக்கும் வழக்கம். கடவுளைப் பற்றிய கருத்தில் தளர்வும் நடத்தையிலும் செயல்முறையிலும் இறுக்கமும் கொண்ட சபை இது. மௌனத்தை மதிக்க மறுப்பவரும், பிறர் பேசும்போது வாதம் செய்பவரும், ஓட்டெடுப்பு வேண்டும் என்று அடம்பிடிப்பவரும், அவர்களுடைய நம்பிக்கை எவ்வளவு மரபானதாக இருந்தாலும், அங்கே நெடுநாள் ஒட்ட முடியாது.

கடவுளை நம்பாதவர் வழிபாட்டில் அமர்ந்து என்னதான் செய்கிறார்?

அவர்கள் தரும் விடைகள் பலவகை. சிலர் தம்மைவிடப் பெரிய ஒன்றின் முன்—அது மனிதகுலத்தின் அறமாகவோ இயற்கையாகவோ இருக்கலாம்—தம்மைத் தாழ்த்திக்கொள்வதாகச் சொல்கிறார்கள். சிலர் பிறரோடு சேர்ந்து அமர்ந்திருக்கும்போது தம் தன்னலம் அடங்குவதை உணர்வதாகவும், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்றும் கூறுகிறார்கள். கடவுள் என்ற சொல்லை உவமையாக எடுத்துக்கொண்டு தயக்கமின்றிப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

இதற்கு எதிரான வாதமும் வலுவானதே. குவேக்கர் முறை முழுவதும் கூட்டத்தை வழிநடத்தும் ஆவி ஒன்று உண்டு என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. அந்த ஆவி இல்லையென்றால் மௌனம் ஒரு கூட்டுத் தியானமாகவும், முடிவெடுக்கும் முறை நாகரிகமான கலந்துரையாடலாகவும் சுருங்கிவிடாதா என்று பல நண்பர்கள் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு முழுமையான விடை சொல்லப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கிறேன்: இறைநம்பிக்கை இல்லாத நண்பர்களில் பலர், ‘கடவுளின் விருப்பத்தைத் தேடுவது’ என்பதை ‘என் விருப்பத்தை ஒதுக்கிவைப்பது’ என்று புரிந்துகொண்டு, நம்பிக்கையுள்ளவர்களைவிடக் கண்டிப்பாக அதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

2018-இல் பிரிட்டிஷ் வருடாந்தரக் கூட்டம் (ஒரு நாட்டின் அல்லது வட்டாரத்தின் குவேக்கர் அமைப்பையே ‘வருடாந்தரக் கூட்டம்’ என்பார்கள்) தன் ஒழுங்கு நூலைத் திருத்தி எழுத முடிவுசெய்தபோது, குவேக்கர்கள் கடவுளைக் கைவிடுகிறார்கள் என்ற தொனியில் பத்திரிகைகளில் எழுதப்பட்டது. எடுத்த முடிவு திருத்தும் பணியைத் தொடங்குவது பற்றியது மட்டுமே. தலைமுறைக்கு ஒருமுறை அந்த நூலைத் திருத்துவது அவர்களுடைய நெடுநாள் வழக்கம்.

இயேசுவை மையமாகக் கொண்ட நண்பர்களுக்கு இது வருத்தம் தராதா?

தருகிறது. அதை மூடிமறைப்பது யாருக்கும் நன்மையன்று. சில கூட்டங்களில் ‘ஆண்டவர்’, ‘இரட்சிப்பு’ போன்ற சொற்களை எடுத்தாலே அறையில் ஓர் இறுக்கம் பரவுவதை உணர்வதாகக் கிறிஸ்தவ நண்பர்கள் சொல்வதுண்டு. தம் முன்னோர் கட்டிய வீட்டிலேயே மெதுவாகப் பேச வேண்டியிருக்கிறது என்ற மனத்தாங்கல் அது. மறுபக்கத்தில், கடுமையான சமயச் சூழலில் அடிபட்டு, அதிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அதே சொற்கள் பழைய காயத்தைக் கீறுகின்றன. இரு தரப்பினரும் தம்மைச் சிறுபான்மையாக உணர்வதுதான் விந்தை.

பிரிட்டிஷ் நண்பர்களின் ‘ஆலோசனைகளும் வினாக்களும்’ என்ற 42 சிறு பகுதிகள் கூட்டங்களில் அவ்வப்போது வாசிக்கப்படுவதுண்டு. சொற்கள் அந்நியமாகவோ மனத்தைக் குலைப்பவையாகவோ தோன்றினால், அவை எங்கிருந்து வருகின்றன, மற்றவரின் வாழ்வுக்கு எது ஊட்டமளித்தது என்று உணர முயலுங்கள் என்கிறது பதினேழாவது பகுதி. நீங்கள் சொல்வதே தவறாக இருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப்பாருங்கள் என்று அது முடிகிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் அதைச் சாக்காக வைத்து நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்துவிடும் கூட்டங்களும் உள்ளன. வருடக்கணக்கில் ஒன்றாகத் தேநீர் அருந்தியவர்கள் ஒருவர் நம்பிக்கையை மற்றவர் அறியாதிருப்பதைச் சகிப்புத்தன்மை என்று சொல்ல முடியாது. கண்டுகொள்ளாமை என்றே சொல்ல வேண்டும். இதை உணர்ந்த கூட்டங்கள் வார நாள்களில் சிறு குழுக்களாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் அனுபவத்தைச் சொல்ல மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கும் அமர்வுகளை நடத்துகின்றன.

கருத்து வேறுபட்டவர்கள் சேர்ந்து எப்படி முடிவெடுக்கிறார்கள்?

பன்மையின் உண்மையான சோதனைக்களம் இதுதான்; மௌனத்தில் சேர்ந்து அமர்வது எளிது, சேர்ந்து ஒரு வாக்கியம் எழுதுவது கடினம்.

நிர்வாகக் கூட்டமும் வழிபாடாகவே நடக்கிறது. ‘கிளார்க்’ என்று அழைக்கப்படும் கூட்ட எழுத்தர் பொருளை முன்வைப்பார். பேச விரும்புபவர் எழுந்து நின்று, எழுத்தர் அழைத்தபின், அவரை நோக்கியே பேசுவார். ஒருவர் பேசியதற்கும் அடுத்தவர் எழுவதற்கும் இடையில் இடைவெளி விடுவார்கள். ஒருமுறை பேசியவர் அதே பொருளில் மீண்டும் எழுவது அரிது. ஓட்டெடுப்பு இல்லை. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணர்ந்து, எழுத்தர் அங்கேயே, அப்போதே ஒரு குறிப்பை எழுதி வாசிப்பார். மற்றவர்கள் மௌனமாகக் காத்திருப்பார்கள். சொற்கள் திருத்தப்படும். இறுதியில் இது ஏற்புடையதா என்று அவர் கேட்க, பிரிட்டிஷ் நண்பர்கள் மரபாகச் சொல்லும் விடை ‘ஆம்’ அன்று. “அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்” என்பதுதான். கைவசம் இருக்கும் தெளிவுக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாத எச்சரிக்கை அதில் இருக்கிறது.

உடன்பாடு இல்லாத ஒருவர் தம் கருத்தைப் பதிவுசெய்துவிட்டு வழிவிட்டு நிற்கலாம். பெரும்பான்மை என்ற காரணத்தால் அவரை மீறிச் செல்வதில்லை. ஒருவர் மறுக்கிறார் என்பதால் மட்டும் எல்லாமே நின்றுவிடுவதும் இல்லை. எழுத்தரின் உணர்திறனை நம்பியே எல்லாம் நடக்கிறது, அதனால் தவறுகளும் நடக்கின்றன.

இந்த முறை எவ்வளவு மெதுவானது என்பதற்கு அமெரிக்காவின் அடிமைமுறை விவாதமே சான்று. 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர் கையெழுத்திட்டு அடிமைமுறைக்கு எதிராக மனு எழுதினார்கள். அது மாதாந்தரக் கூட்டத்திலிருந்து காலாண்டுக் கூட்டத்துக்கும் அங்கிருந்து வருடாந்தரக் கூட்டத்துக்கும் தள்ளப்பட்டு, எடுத்துக்கொள்ள இயலாத அளவு கனமான பொருள் என்று ஒதுக்கப்பட்டது. 1738-இல் பெஞ்சமின் லே என்பவர் பர்லிங்டன் கூட்டத்தில், குடைந்த புத்தகத்துக்குள் செந்நிறப் பழச்சாறு நிரப்பிய பையை வைத்து, வாளால் குத்தி, அடிமை வைத்திருந்த நண்பர்கள் மீது ‘இரத்தம்’ தெறிக்கச் செய்தார்; அவரை வெளியேற்றினார்கள். ஜான் வூல்மன் (1720–1772) வேறு வழி எடுத்தார்: வீடு வீடாகச் சென்று, அடிமை வைத்திருந்தவர்களோடு அமர்ந்து, மென்மையாக, ஆனால் விடாமல் பேசினார். 1758-இல் பிலடெல்பியா வருடாந்தரக் கூட்டம் அடிமை வணிகத்துக்கு எதிராக உறுதியாகத் திரும்பியது. 1776-இல் அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக நீடிக்க முடியாது என்றது. மனு எழுதிய நாளிலிருந்து 88 ஆண்டுகள். மற்ற சபைகளுக்கு முன்னோடியாக இருந்தார்கள் என்று பெருமை பேசுவோர், அந்த 88 ஆண்டுகளில் அடிமைகளாகவே பிறந்து மடிந்தவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அண்மைக்காலத்தில் 2009-இல் யார்க் நகரில் கூடிய பிரிட்டிஷ் வருடாந்தரக் கூட்டம், ஒருபாலினத் திருமணங்களையும் மற்றத் திருமணங்களைப் போலவே நடத்துவது என்ற முடிவுக்கு ஓட்டின்றி வந்தது. அதற்குரிய சட்டம் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது 2014-இல்தான்.

நம்பிக்கை வேறுபாட்டால் பிளவுகள் ஏற்பட்டதே இல்லையா?

ஏற்பட்டன, பலமுறை. 1827-இல் பிலடெல்பியாவில் நடந்தது எல்லாவற்றிலும் வேதனையானது. லாங் ஐலண்டைச் சேர்ந்த விவசாயியும் பேச்சாளருமான எலியாஸ் ஹிக்ஸ் உள்ளொளியே போதும் என்று அழுத்திப் பேச, வேதாகமத்தின் அதிகாரத்தையும் கிறிஸ்துவின் மீட்புப் பலியையும் முன்னிறுத்திய நகரத்து மூப்பர்கள் அதைக் கேடாகக் கண்டார்கள். செல்வமிக்க நகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் இடையிலிருந்த மனக்கசப்பும் அதில் கலந்திருந்தது. குடும்பங்கள் பிரிந்தன, கூட்ட இல்லங்களும் கல்லறை நிலங்களும் யாருக்கு என்ற வழக்குகள் எழுந்தன. பிலடெல்பியாவின் இரு பிரிவுகளும் மீண்டும் சேர்ந்தது 1955-இல்.

1845-இல் நியூ இங்கிலாந்தில், வேதாகமத்தை முதன்மைப்படுத்திய ஜோசப் ஜான் கர்னியின் வழியினரும், பழைய மௌனக் காத்திருப்பைக் காக்க விரும்பிய ஜான் வில்பரின் வழியினரும் பிரிந்தார்கள். அதன்பின் எழுந்த எழுப்புதல் கூட்டங்களின் தாக்கத்தால் அமெரிக்க மத்தியமேற்கில் பல கூட்டங்கள் போதகர்களை அமர்த்திக்கொண்டன. 1887-இல் இண்டியானாவின் ரிச்மண்டில் கிட்டத்தட்ட விசுவாசப் பிரமாணம் போன்ற ஓர் அறிக்கை உருவானது. லண்டன் வருடாந்தரக் கூட்டம் அதை ஏற்க முன்வரவில்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒருபாலினத்தவரை ஏற்பது பற்றிய கருத்து வேறுபாட்டால் இண்டியானா, வடமேற்கு அமெரிக்கா, வட கரோலினா ஆகிய இடங்களின் வருடாந்தரக் கூட்டங்கள் உடைந்தன. வட கரோலினாவில் முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள அமைப்பு 2017-இல் கலைந்தே போனது.

ஹிக்ஸைத் தெய்வத் துரோகி என்றவர்களும் ஹிக்ஸின் ஆதரவாளர்களும் பிரிந்த பிறகும் ஒரே மாதிரியான மௌனத்தில்தான் அமர்ந்தார்கள். எனவே மௌனம் மட்டுமே ஒற்றுமையைக் காக்கும் என்பது மிகைக் கூற்று. ஒருவர் பேச்சை மற்றவர் பொறுமையாகக் கேட்கும் ஒழுக்கம் முதலில் உடைந்தது. அதன் பிறகே சபை உடைந்தது.

உலகக் குவேக்கர்கள் எல்லோரும் இப்படிப் பன்மையை ஏற்பவர்களா?

இல்லை. உலகிலுள்ள ஏறத்தாழ 4 லட்சம் குவேக்கர்களில் மௌன வழிபாட்டினர் சிறுபான்மையே. குவேக்கர்கள் மிகுதியாக வாழும் நாடு கென்யா. 1902-இல் அமெரிக்க இளைஞர் மூவர் மேற்குக் கென்யாவின் கைமோசியில் தொடங்கிய ஊழியத்தின் விளைவு அது. அங்கே போதகர், பாடகர் குழு, நீண்ட பிரசங்கம் எல்லாம் உண்டு. இயேசுவே இரட்சகர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பொலிவியா, குவாத்தமாலா, புருண்டி நாடுகளிலும் அப்படியே. 1937-இல் நிறுவப்பட்ட உலகக் கலந்தாய்வுக் குழு இவர்கள் அனைவரையும் ஒரே மேசைக்கு அழைக்க முயல்கிறது. இறைநம்பிக்கையற்ற லண்டன் நண்பரும் கைமோசியின் போதகரும் ஒரே பெயரைத் தாங்குவது சரிதானா என்பது அங்கே இன்னும் தீராத விவாதம்.

போர் மறுப்பிலாவது அனைவரும் ஒன்றுதானா?

அதிலும் இல்லை. முதல் உலகப் போரில் படைவயதுடைய பிரிட்டிஷ் குவேக்கர் ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படையில் சேர்ந்தார்கள். மனசாட்சியின் பேரில் மறுத்துச் சிறை சென்றவர்களும், ஆம்புலன்ஸ் பணிக்குச் சென்றவர்களும் அதே கூட்டங்களின் பிள்ளைகள்.

இந்து ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ உறுப்பினராகலாமா?

பிரிட்டிஷ் நடைமுறையில் வாயிலில் கேள்வித்தாள் கிடையாது. நெடுநாள் வந்துபோகும் ஒருவர் உறுப்பினராக விரும்பிக் கடிதம் எழுதினால், வழக்கமாக இரு நண்பர்கள் அவரைச் சந்தித்து மனம்விட்டுப் பேசி, அறிக்கை எழுதுவார்கள். வட்டாரக் கூட்டம் முடிவெடுக்கும். தம் பழைய சமயத்தோடு உறவை முறித்துக்கொள்ளாமலே சேர்ந்தவர்கள் உண்டு. உறுப்பினராகாமலே பல ஆண்டுகள் வருபவர்களும் ஏராளம்.

இவ்விஷயத்தில் இந்தியத் தொடர்பு உண்மையிலேயே உண்டு. 1893-இல் பிரிட்டோரியாவில் காந்திக்கு நெருங்கிய நண்பராக இருந்த கோட்ஸ் என்னும் குவேக்கர், காந்தியின் கழுத்திலிருந்த துளசி மணிமாலையைப் பார்த்து, இந்த மூடநம்பிக்கை உங்களுக்குத் தகாது, அறுத்துவிடுகிறேன் என்று சொன்னதையும், இது என் தாய் தந்த புனிதப் பரிசு என்று தாம் மறுத்ததையும் காந்தி தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் காந்தியின் நண்பரான ஹோரஸ் அலெக்சாண்டர், யாரையும் மதம் மாற்றாமல், எல்லாச் சமயத்தவரும் சமமாக அமர்ந்து வழிபடும் தோழமை ஒன்றை உருவாக்க முனைந்தார். அது காந்தியோடு பேசி வளர்ந்த எண்ணம். கோட்ஸிலிருந்து அலெக்சாண்டர் வரையிலான தொலைவு குவேக்கர் வரலாற்றின் ஒரு பெரிய திருப்பம். சென்னையின் பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு 1928-இல் ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, பின்னர் குவேக்கராகி, சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பணியும் செய்து, கோத்தகிரியில் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் (1905–1995) அலெக்சாண்டரின் வகையைச் சேர்ந்தவர்.

யாரோ பேசியது என் நம்பிக்கையைப் புண்படுத்தினால் நான் என்ன செய்ய வேண்டும்?

அந்த மணி நேரத்துக்குள் பதில் சொல்ல எழாதீர்கள்; அதை எல்லோரும் விதிமீறலாகவே காண்பார்கள். பேசியவரின் சொற்களை விட்டு, அவரை எது எழுப்பியது என்று கவனித்துப் பார்க்கலாம். அதுவும் இயலாவிட்டால் அவர் பேசியதை அப்படியே விட்டுவிடலாம். அது உங்களுக்கு உரிய செய்தியாக இல்லாமல், அறையிலுள்ள வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம் என்பது நண்பர்களின் பழைய எண்ணம். தேநீர் வேளையில் அவரிடமே நேரில் கேட்பது பெரும்பாலும் வரவேற்கப்படும். வாரந்தோறும் ஒருவர் தம் கொள்கையைப் பிரசங்கமாக்கிக்கொண்டிருந்தால் மூப்பரிடம் சொல்லுங்கள்; அவரைத் தனியே அழைத்துப் பேசுவது மூப்பரின் பொறுப்பு. பேச்சு பிடித்துப்போனாலும் கைதட்டவோ புகழவோ வேண்டாம். நீங்கள் சொன்னது எனக்குத் தேவைப்பட்டது என்று சொன்னால் போதும்.